எந்தக் குப்பை விளையாடும்?

நுங்குக் கோம்பையும் ரின்மீன் பேணியும் உருண்ட கண்டாவளையில் இன்று 'கழிவுப் பொருள் ஆக்கம்' கடையில் வாங்கிய சாமானில் நடக்கிறது. குப்பையில் விளையாட்டுச் செய்வதில் வன்னிப் பிள்ளைக்கு என்ன லாபம், எங்கே ஆபத்து?

சித்திரை வெயில். கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளைப் பக்கத்து வாய்க்கால் கட்டொன்றில் பெடியன்கள் மூன்று பேர் தலைதெறிக்க ஓடி வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் உருளுவது நுங்கு வண்டில். காலையில் வெட்டிக் குடித்த நுங்கின் கோம்பை இரண்டு சில்லு. அவற்றைக் கோர்த்த தடிதான் அச்சு. அச்சின் மேல் கவரை வைத்துத் தள்ள ஒரு நீளத் தடி. ஆணி இல்லை, கயிறு இல்லை, காசு இல்லை. திரும்பும்போது கவர் நழுவும். நழுவாமல் திருப்பத் தெரிந்தவன்தான் அன்றைய ராசா. ரெண்டு மூன்று நாளில் கோம்பை சுருங்கி அச்சு ஆடத் தொடங்கிவிடும். அதற்கு முன்னரே கண்ணில் பட்டால் அம்மம்மா கத்தியோடு வருவார். சீவிப் போட்டால் மாடு தின்னும். வண்டில் இருந்த தடம்கூட மிஞ்சாது.

இப்படியான வீடுகளில் இன்னொரு காட்சியும் உண்டு. சின்னவளுக்கு முன்பள்ளியிலிருந்து ஒரு துண்டு வரும். கழிவுப் பொருள் கண்காட்சிக்குப் பேப்பர் கப், ஐஸ்கிறீம் குச்சி ஒரு பக்கெற், மினுங்கல் தாள், ஒட்டுப்பசை கொண்டுவரவும். அம்மா தருமபுரம் சந்திக்குப் போய் எல்லாவற்றையும் புதிதாக வாங்கி வருவார். ஒருவரும் ஒரு வாய் குடிக்காத கப்புகள் கழிவுப் பொருளாகி மேசையேறும்.

கடையில் வாங்கிய கழிவு

ஏதோவொரு முன்பள்ளியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாடு முழுக்கவே வழக்கம் இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறது. கண்காட்சிக்கு அதிகாரிகள் வருவார்கள், படம் எடுப்பார்கள், மேசை வடிவாக இருக்க வேண்டும். சொற்பக் கொடுப்பனவுக்கு வேலை செய்யும் ஆசிரியை, பால்மாப் பேணியில் நாலு வயதுப் பிள்ளை கோணலாக ஒட்டிய கண்ணையும் மூக்கையும் வைத்துப் பாராட்டு வாங்க முடியாது. ஆகவே துண்டு வீட்டுக்குப் போகிறது. இரவு பத்து மணிக்குப் பிள்ளை நித்திரையான பிறகு அம்மா வெட்டுகிறார், அக்கா ஒட்டுகிறாள். காலையில் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்கிறது. பரிசு அம்மாவுக்கு உரியது, சந்தேகமே இல்லை.

ஆரம்பப் பிரிவில் தரம் 1 முதல் 5 வரை சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்ற பாடமே இருக்கிறது. பாடத்தின் நோக்கம் நல்லது: பிள்ளை தன்னைச் சுற்றியுள்ளதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், பிரித்துப் பார்க்க வேண்டும். ஆனால் போத்தலில் செய்த பூச்சாடியை யாரும் தொடக்கூடாது என்று மேசையில் கயிறு கட்டிவிட்டால் நோக்கம் அந்தக் கயிற்றோடு முடிந்தது. கண்காட்சி முடிந்த கிழமையில் அந்தப் பூச்சாடி எங்கே போகிறது என்று கேளுங்கள். வளவு மூலையில் நெருப்புக்குத்தான் போகிறது. மினுங்கல் தாளும் பசையும் ஏறியதால் இனி அதை மீள்சுழற்சிக்காரரும் எடுக்கமாட்டார். வெறும் போத்தலாக இருந்தபோது அதற்கு விலையாவது இருந்தது.

குப்பையில் கைப்பணி செய்தால் குப்பை குறையும் என்ற பேச்சை அதனால் முதலிலேயே ஒதுக்கி வைப்போம். ஒரு வீட்டின் பத்துப் போத்தலில் ஒன்று பூச்சாடியானால் ஒன்பது மிச்சம். பூச்சாடியும் பிறகு மிச்சம். லாபம் வேறிடத்தில் இருக்கிறது. அதை வன்னி மறந்துபோனதுதான் ஆச்சரியம்.

தடைக்காலத்துப் பட்டறை

1990இல் போர் மீண்டும் மூண்டதோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடையும் வந்தது. பற்றரி, மண்ணெண்ணெய், சோப், மெழுகுதிரி, சீமெந்து, யூரியா என்று தடைப்பட்டியல் நீண்டது. யாழ்ப்பாணத்தில் பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகின. வன்னியில் இந்த நெருக்கடி, இடைக்கிடை தளர்ந்தாலும், 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 வீதி திறக்கும்வரை ஓயவில்லை.

அந்தக் காலத்தில் வீசுவதற்கென்று வீட்டில் ஒன்றும் இருக்கவில்லை. ஜாம் போத்தல் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், நடுவில் கம்பி பிடித்த மெல்லிய திரி. போத்தலே சிமினி. காற்றுக்கு அணையாது, சொட்டெண்ணெயில் மணிக்கணக்கில் நின்று எரியும். அந்த வெளிச்சத்தில் படித்து ஓ.எல். எழுதியவர்கள் இன்று தலை நரைத்த ஆசிரியர்கள். பற்றரி இல்லாத வானொலிக்கு சைக்கிள் டைனமோ. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பிள்ளைகள் முறைவைத்துப் பெடலைக் கையால் சுற்ற, பெரியவர்கள் பிபிசி தமிழோசை கேட்பார்கள். சுற்றுகிறவன் சோர்ந்தால் செய்தி இழுபடும், ஏச்சும் விழும். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற பாடத்தை வன்னிப் பிள்ளை புத்தகத்துக்கு முன்னரே தோள்வலியில் படித்திருந்தது.

விளையாட்டும் அதே பட்டறையில்தான். உரப்பையை வெட்டித் தைத்துப் பள்ளிப்பை. அதில் மிஞ்சிய நாரைப் பிரித்துப் பட்டத்துக்கு வால். பழைய சைக்கிள் ரியூப்பை வளையம் வளையமாக வெட்டிக் கடதாசிச் சுருளுக்கு மேல் இறுக்கினால் பந்து. இரண்டு நீளத் துண்டும் கவர்த்தடியும் கிடைத்தால் கெற்றப்போல். சோடா மூடியைக் கல்லால் தட்டித் தட்டையாக்கி இரண்டு துளையிட்டு நூல் கோர்த்து இழுத்தால் உர்ரென்று சுழலும். குரும்பட்டியையும் ஈர்க்கையும் குத்திக் குத்தித் தேர் கட்டி, கோயில் திருவிழா முடிந்த மறுநாள் ஒழுங்கையில் இன்னொரு திருவிழா நடக்கும். சிரட்டை மேளம், பூவரசம் இலை நாதஸ்வரம்.

இதை ஏழ்மையின் அழகு என்று பாட எனக்கு விருப்பமில்லை. தடை கொடுமை, அதில் மருந்தும் மாவும் இல்லாமல் போயிற்று. ஆனால் ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் இதை வேறென்னவாக ஆக்கலாம் என்று பார்க்கிற கண் ஒரு தலைமுறைக்கே இருந்தது. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைக்கு அது வந்து சேரவில்லை. கையில் போன் இருக்கிறது. போனைக் குடுத்தால்தான் சாப்பிடும் என்று அம்மம்மாமாரே சொல்கிறார்கள்.

(பெட்டிச் செய்தி)
கடையிலிருந்து மறைந்தவை

2017 ஏப்ரல் 14 அன்று கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகு தடைச் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

2017 செப்ரெம்பர் 1: லஞ்ச் சீற், ரெஜிபோம் உணவுப் பெட்டி, 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன்.

2021 மார்ச் 31: சிறிய சஷே பக்கெற்றுகள், பிளாஸ்ரிக் தண்டுள்ள காது துடைக்கும் குச்சி, விவசாய இரசாயனம் அடைக்கும் பெற் போத்தல். காற்று ஊதும் பொம்மைகளும் இந்தப் பட்டியலில் இருந்தன. பலூன், பந்து போன்றவற்றுக்கு விலக்கு.

2023 ஒக்ரோபர் 1: ஸ்ரோ, யோகட் கரண்டி, பிளாஸ்ரிக் தட்டு, முள்ளுக்கரண்டி, மாலை, இடியப்பத் தட்டு.

2025 நவம்பர் 1: சொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும்.

தொடக்கூடாத குப்பை

கொழும்பிலோ சென்னையிலோ பிள்ளையிடம், வெளியே போய்க் கிடக்கிறதைப் பொறுக்கி வா, ஏதாவது செய்வோம் என்று சொல்லலாம். கண்டாவளையில் அந்த வசனத்தைச் சொல்லவே கூடாது.

2009 ஜனவரி 2 அன்று கிளிநொச்சி வீழ்ந்தது. அதற்கடுத்த கிழமைகளில் போர் பரந்தன்–முல்லைத்தீவு வீதியோடு கிழக்கே நகர்ந்தது. முரசுமோட்டை, கண்டாவளை, தருமபுரம் எல்லாம் அந்தப் பாதையில் இருந்தவை. சனம் கட்டுமூட்டையோடு அதே வீதியால் போனது, பிறகு செட்டிக்குளத்து மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டுக் கட்டங்கட்டமாகத் திரும்பியது. திரும்பியபோது வளவில் கிடந்ததெல்லாம் இரும்பு. அந்த இரும்புக்கு நிறுவை விலையும் இருந்தது. பழைய இரும்பு பொறுக்கி அன்றாடம் கழித்த குடும்பங்கள் பல. அதில் கை போனவர்களும் உயிர் போனவர்களும் உண்டு. கண்ணிவெடி அகற்றும் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் நிலத்தைத் துப்புரவாக்கியிருக்கின்றன. இதே மாவட்டத்தின் முகமாலையில் அந்த வேலையைக் குந்தியிருந்து அங்குலம் அங்குலமாகச் செய்தவர்களில் வன்னிப் பெண்கள் ஏராளம். ஆனாலும் கிணறு வெட்டும்போதும் காணி துப்புரவாக்கும்போதும் ஏதோவொன்று தலைகாட்டுகிறது. குப்பைக்கு நெருப்பு வைக்கையில் வெடித்தது என்ற செய்தியையும் வன்னி பலமுறை வாசித்திருக்கிறது.

பளபளக்கிற உருளை, திருகாணி வைத்த மூடி, இறகு போலத் தகடு. நல்ல சில்லாக வரும் என்று ஒரு பெடியனுக்குத் தோன்றக்கூடிய வடிவமெல்லாம் வெடிபொருளுக்கு உண்டு. பொருளுக்கு மறு உருவம் கொடுக்கப் பழகிய கண்ணுக்கு இங்கே ஆபத்து இன்னும் அதிகம். கைப்பணி வகுப்பின் முதல் பாடம் ஆகவே கத்தரிக்கோல் பிடிப்பது அல்ல. வீட்டுக்குள் இருந்து வந்தால் விளையாடலாம், நிலத்திலிருந்து வந்தால் தொடக்கூடாது: இந்தக் கோட்டைப் பிள்ளையின் மனதில் கீற வேண்டும்.

இரண்டாவது ஆபத்தைப் பலர் ஆபத்தாகவே எண்ணுவதில்லை. இது வயல் ஊர். இரணைமடுத் தண்ணீரில் காலபோகமும் சிறுபோகமும் விளையும் ஊர். வரம்போரத்தில் களைநாசினிப் போத்தலும் கிருமிநாசினிப் போத்தலும் கிடக்கும். கெட்டியான பிளாஸ்ரிக், இறுக்கமான மூடி, வண்டிலுக்கென்றே செய்தது போலிருக்கும். கழுவிவிட்டால் சரி என்று பெரியவர்களே எடுத்து வந்து தண்ணீர் அள்ளுவதைப் பார்த்து வளரும் பிள்ளை வேறெப்படி யோசிக்கும்? மூன்று முறை அலசி, மறுபடி ஒருவரும் பாவிக்காதபடி அடியில் ஓட்டை போட வேண்டும் என்பது விவசாய விதி. ஓட்டை போட்ட போத்தலை யாரும் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். விதி வந்ததே அதற்காகத்தான்.

(பெட்டிச் செய்தி)
வெடிபொருளைக் கண்டால் என்ன செய்வது?

தொடாதே. கல்லெறியாதே. வந்த காலடித் தடத்திலேயே திரும்பு. இடத்தை நினைவில் வைத்துப் பெரியவரிடம் சொல்.

பொலிஸ் அவசர இலக்கம் 119. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.



ரோச்லைற் பற்றரி, பட்டன் பற்றரி, உடைந்த குழல் விளக்கு ஆகியவையும் விளையாட்டுப் பொருளல்ல. பட்டன் பற்றரியை விழுங்கிய பிள்ளையை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும், காத்திருக்கக் கூடாது.

போருக்கு நடுவே ஒரு குப்பை மைதானம்

1943இல், ஜேர்மனியப் படை நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், டென்மார்க்கின் கோபன்ஹேகனில் எம்ட்ரப் என்ற இடத்தில் ஒரு விளையாட்டிடம் திறந்தார்கள். ஊஞ்சல் இல்லை, சறுக்கு இல்லை. பலகை, செங்கல், பழைய ரயர், சுத்தியல், ஆணி. நிலத்தோற்றக் கலைஞரான சோரன்சன், ஒழுங்காகக் கட்டிய பூங்காவை விடக் கட்டடக் குப்பைகளுக்குள்ளேதான் பிள்ளைகள் ஆசையாக விளையாடுகிறார்கள் என்று கவனித்து வைத்த யோசனை அது. போர் முடிந்த மறு ஆண்டு அதைப் பார்க்க வந்த இங்கிலாந்தின் அலன் சீமாட்டி, அந்த எண்ணத்தை லண்டனின் குண்டு விழுந்த காணிகளுக்குக் கொண்டுபோனார்.

வன்னிக்கு இதை அப்படியே எடுக்க முடியாது. காரணம் மேலே சொன்னதுதான். ஆனால் எம்ட்ரப் ஒரு கேள்வியைத் தீர்த்துவைத்தது. பிள்ளைக்கு வேண்டியது முடிந்த பொம்மையா, முடியாத சாமானா? 1971இல் சைமன் நிக்கல்சன் என்ற பிரித்தானியக் கலைஞர் இதையே ஒரு கொள்கையாக எழுதினார். நகர்த்தவும் மாற்றவும் கூடிய உதிரிகள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்குப் பிள்ளையின் கண்டுபிடிப்பும் கூடும் என்பது அவர் வாதம்.

நமக்குக் கிட்டிய ஆள் அர்விந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியியலாளர், வேலையை விட்டுக் கிராமத்துப் பள்ளிகளுக்குப் போனார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் ரியூப்பையும் கோர்த்து முக்கோணமும் கனசதுரமும் கட்டிக் காட்டினார். முக்கோணம் அமுக்கினால் நெளியாது, சதுரம் நெளியும். கூரைக்கு ஏன் முக்கோணம் வைக்கிறார்கள் என்பது அங்கேயே விளங்கிவிடும். குப்பையிலிருந்து அவர் செய்த விளையாட்டுப் பொருட்களுக்குக் கணக்கில்லை. 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய புத்தகங்கள் தமிழிலும் உண்டு. நம் ஆசிரியப் பயிற்சிகளில் அவர் பெயர் இன்னும் கூடுதலாக அடிபட வேண்டும்.

இன்னும் பழைய சான்று வேண்டுமானால் தமிழ்நாட்டின் கீழடி அகழாய்வுக்குப் போகலாம். உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகள் அங்கே நூற்றுக்கணக்கில் கிடைத்தன. கெந்தி விளையாடத் தமிழ்ப் பிள்ளைக்கு எந்தக் காலத்திலும் கடைச் சாமான் தேவைப்பட்டதில்லை.

ஒரு மூடியின் நடுப்புள்ளி

தண்ணீர்ப் போத்தல் ஒன்று, போத்தல் மூடி நாலு, ரெண்டு ஈர்க்கு. பிள்ளையிடம் இவ்வளவையும் கொடுத்து ஓடுகிற வண்டில் கேளுங்கள். போத்தலில் ஓட்டை போடும் வேலை மட்டும் பெரியவருடையது, ஆணியைச் சூடாக்க வேண்டியிருப்பதால். திறந்த வெளியில், மணம் முகத்துக்கு வராதபடி.

முதல் வண்டில் நொண்டும். நிச்சயமாக நொண்டும், ஏனென்றால் மூடியின் ஓட்டை நடுவில் விழுந்திருக்காது. இந்த இடத்தில் பெரியவரின் கை துறுதுறுக்கும். கொண்டா நான் செய்து தாறன் என்று வாய்வரை வரும். சும்மா இருந்தால் பிள்ளை வண்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். எந்தச் சில்லு தூக்கிப் போடுகிறது என்று கண்டுபிடிக்கும். பிறகு கேட்டால் மட்டும் சொல்லலாம்: மூடியைக் கடதாசியில் வைத்து வட்டம் கீறி வெட்டு, பாதியாக மடி, மறுபடி பாதியாக மடி, விரித்துப் பார். மடிப்புகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் நடு. வட்டத்தின் மையம் என்று பின்னர் வகுப்பில் வரப்போவதை ஆறு வயதில் ஒரு நொண்டி வண்டில் சொல்லிக்கொடுத்துவிடும். இரண்டாவது வண்டில் நேரே ஓடும். மூன்றாவதுக்குப் பலூன் கட்ட வேண்டும் என்பான். அதற்குப் பிறகு உங்களைத் தேடமாட்டான்.

கண்காட்சிப் பூச்சாடிக்கும் இந்த வண்டிலுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பூச்சாடி பிழைக்கவே முடியாது. பிழைக்க முடியாத பொருளில் திருத்தவும் ஒன்றும் இல்லை.

இதற்கு நேரம் யாரிடம் இருக்கிறது என்பது நியாயமான கேள்வி. விடியற்காலையில் காமென்ற்ஸ் பஸ் ஏறும் அம்மா ஏழு மணிக்குத் திரும்பி வந்து உலை வைக்க வேண்டும். அப்பா இல்லாத வீடுகள் இந்தப் பக்கம் கொஞ்சமல்ல. ஆனால் அந்த வீடுகளில் அம்மம்மா இருக்கிறார். தடைக்காலத்தில் ஜாம் போத்தல் விளக்குத் திரித்த கை அந்தக் கைதான். முன்பள்ளியில் கிழமைக்கு ஒருநாள் ஒரு அம்மம்மாவைக் கூப்பிட்டு இருத்தினால், பனையோலையில் காற்றாடியும் குரும்பட்டியில் தேரும் வரும். பயிற்சிப் பட்டறைக்குச் செலவு ஒரு தேத்தண்ணி.

விளையாடி முடிந்த பின்

குரும்பட்டித் தேர் உக்கி மண்ணாகிவிடும். போத்தல் வண்டில் அப்படிப் போகாது. கண்டாவளைக்குத் தனிப் பிரதேச சபை கிடையாது. கரைச்சிப் பிரதேச சபைக்குள் அடங்கும் பரந்த பிரதேசம். உள்ளொழுங்கை வீடுகளில் குப்பைக்கு முடிவு பெரும்பாலும் நெருப்புத்தான். குழாய்த் துண்டும் வயர் உறையும் சேர்ந்து எரியும்போது டையொக்சின் போன்ற நஞ்சுகள் வருகின்றன, அடுப்படிக்குப் பக்கத்திலேயே.

எரியாத மிச்சம் மாரிக்குக் கிளம்பும். 2018 டிசெம்பரில் இரணைமடு நிறைந்து வான்கதவுகள் திறந்தபோது மாவட்டத்தில் மோசமாக அடிபட்ட பகுதிகளில் கண்டாவளையும் ஒன்று. கனகராயன் ஆறு தாழ்நிலமெல்லாம் பரவிச் சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போய்ச் சேரும். 2015இல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம். பூநாரைகள் இறங்கும் தண்ணீர். மதகில் அடைத்தது போக மிச்சப் போத்தல் அங்கேதான் கரையொதுங்குகிறது. புளியம்பொக்கணை நாகதம்பிரான் பங்குனிப் பொங்கலுக்குக் கடைத்தெருவில் வாங்கி மறுநாள் உடைந்த தண்ணித் துவக்கும் அதோடு போகும். அதைப் பழுது பார்க்கவும் வழியில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கழற்றிப் பார்க்க முடியாதபடி ஒட்டித்தான் விற்கிறார்கள்.

ஆகவே போத்தலில் விளையாட்டுச் செய்கிற முன்பள்ளிகளுக்கு ஒரு யோசனை: பசை வேண்டாம், பெயின்ற் வேண்டாம், மினுங்கல் தாள் வேண்டவே வேண்டாம். கோர்த்தும் கட்டியும் செய்தால் வருட முடிவில் கழற்றி மூடி ஒரு பை, போத்தல் ஒரு பை என்று மீள்சுழற்சிக்குக் கொடுக்கலாம். துண்டில் பொருட்பட்டியல் எழுதுவதையும் நிறுத்தலாம். "வீட்டுக் குசினியில் இந்தக் கிழமை மிஞ்சியது எதுவோ அது" என்று ஒரே வரி போதும். சிலருக்குப் பால்மாப் பேணி வரும், சிலருக்குச் சவர்க்காரப் பெட்டி, சிலருக்கு ஒன்றும் வராது. ஒன்றும் வராத பிள்ளைக்குப் பகிரப் பக்கத்துப் பிள்ளை இருக்கிறது.

கண்காட்சிக்குப் பதில் பேணிப்பந்து வைக்கலாம். ரின்மீன் பேணி ஏழு; வாய் விளிம்பை உள்ளே தட்டி மடித்துவிட வேண்டும், இல்லையென்றால் கை கிழியும். அடுக்கிவைத்து, கோட்டில் நின்று ரியூப் பந்தால் அடிக்க வேண்டும். கோபுரம் சரிந்ததும் ஒரு பக்கம் மறுபடி அடுக்க ஓடும், மறுபக்கம் பந்தால் முதுகைக் குறிவைக்கும். முழங்காலுக்குக் கீழே பட்டால் ஆட்டமிழப்பா இல்லையா என்பதில் முரசுமோட்டைக்கு ஒரு சட்டம், கல்லாற்றுக்கு ஒரு சட்டம் இருந்தால் ஆச்சரியமில்லை. அந்த வழக்கைப் பிள்ளைகளே தீர்க்கட்டும். அதிகாரிகள் வந்தால் அவர்களையும் ஒரு பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.